சிவப்புக் கூரை வீட்டுக்கு எத்தனை யன்னல்?

கண் பார்க்கும் இடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, மெஷினை எப்படித் துடைப்பது, நாடி, அதுதான் முகவாய், வைக்கும் இடத்தில் தாளை எப்படி மாற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் கை தானாகப் பழகிவிடும். மெஷினிலும் பிழையில்லாமல், கண்ணிலும் பிழையில்லாமல், அளவு மட்டும் பிழைத்துப்போகிற நேரம் ஒன்று உங்களுக்கு வரும். பின்னால் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வடையால் எனக்குக் கெட்டபெயர் வந்த கதையும் இதுதான்.

நான் படித்தவனில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன். அதன் பிறகு பள்ளிக்கூடமே இருக்கவில்லை. கொழும்பு, மொஸ்கோ, பெயர் தெரியாத ஒரு காடு, ஒரு லொறி, ஒரு படகு, கத்தானியாவில் ஒரு தோடம்பழத் தோட்டம் என்று சுற்றி பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே தட்டுக் கழுவினேன், மழை வந்தால் குடை விற்றேன், மழை நின்றதும் பசி கிடந்தேன். பிறகு நடக்க முடியாத ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. அவருக்குத் தினமும் நான்தான் முகச்சவரம் செய்வேன். அவர் காலமான பிறகு, அவருடைய மருமகள் என்னைத் தன்னுடைய கிளினிக்குக்குக் கூப்பிட்டார். அவர் கண் டொக்டர். இத்தாலியன்கள் சொல்வதுபோல நானும் அவரைத் தொத்தோரெஸ்ஸா என்றே கூப்பிட்டேன்.

"மாமாவின் தலையை அசையாமல் பிடித்திருந்த ஆள் நீதான், சிவா. மனிதத் தலையைப் பிடிக்கத் தெரிந்த ஆள் எனக்கு வேண்டும்" என்றார்.

என்னுடைய தகுதிப் பத்திரம் அவ்வளவுதான்.

கிளினிக் பலெர்மோவின் பழைய கால்சாப் பகுதியில் இருந்தது. வெள்ளையடித்துப் புதுப்பித்த ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடி. எதிர்ப்பக்க மாடியில் எப்போதும் யாரோ ஒருவருடைய போர்வை காய்ந்துகொண்டிருக்கும். அங்கே கண்ணின் பவரை அளக்கும் மெஷின் ஒன்று இருந்தது. நாடியை வைத்து, நெற்றியை அழுத்திக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். ஒரு நேரான ரோட்டும், அதன் முடிவில் சிவப்புக் கூரை போட்ட சின்ன வீடும் தெரியும். நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெஷின் உங்கள் கண்ணைப் பார்த்து, மைனஸ் எவ்வளவு, பிளஸ் எவ்வளவு என்று சொல்லிவிடும். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை.

அந்த மெஷின் கிழடாகிவிட்டது. ஒரு கம்பனிக்காரன் புதிய மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். புதியதில் வீடும் இல்லை, ரோட்டும் இல்லை. ஒரு கண்ணாடித் தட்டினூடாக நேரே வெளியே பார்க்க வேண்டும். எங்கள் கடற்பக்க யன்னலுக்கு நேரே துறைமுகமும் அதற்கப்பால் பெல்லெக்ரினோ மலையும் தெரியும்.

பழையதை என்ன செய்வது என்றொரு கேள்வி வந்தது. நான் தொத்தோரெஸ்ஸாவிடம் பல்லரோவுக்குக் கேட்டேன். பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு தேவாலயப் பாதிரியார் தந்திருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தொத்தோரெஸ்ஸா இலவசமாகக் கண் பார்ப்பார். பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி இல்லாதவர்கள், பெர்மெஸ்ஸோ இருந்தும் ஆஸ்பத்திரியில் கதைக்கப் பயந்தவர்கள், எல்லோரும் அங்கேதான் வருவார்கள். அவரிடம் இருந்தது ஒரு வில்லைப்பெட்டி மட்டும். ஒவ்வொரு வில்லையாக மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு முடிப்பதற்குள் வரிசையில் பாதிப்பேர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவார்கள். மெஷின் இருந்தால் எல்லோரையும் பார்த்துவிடலாம்.

தொத்தோரெஸ்ஸா ஒரு நிபந்தனை போட்டார். "புதியதோடும் என் வில்லைகளோடும் பழையது ஒத்துவந்தால் பல்லரோவுக்குப் போகட்டும். பொய் சொன்னால் பழைய இரும்புக்குப் போகட்டும். ஏழைகளுக்குப் பிழையான கண்ணாடி கொடுக்க நான் வரமாட்டேன்."

கம்பனிக்காரனுக்குப் பழையதைக் கொண்டுபோவதில்தான் விருப்பம். சனிக்கிழமை மத்தியானம் கைவண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வந்த சிசிலிக்காரர்களை இரண்டு மெஷினிலும் இருத்தினோம். அதன் பிறகு வில்லைகளாலும் பார்த்தோம். மூன்றும் அண்ணன் தம்பிபோல ஒத்துவந்தன. எனக்குச் சந்தோஷம். சனிக்கிழமை காலை எங்களுடைய ஆட்களை வரச்சொன்னேன். மெஷின் யாருக்குப் போகிறதோ அவர்களுடைய கண்ணையும் பார்க்க வேண்டும் என்பது தொத்தோரெஸ்ஸாவின் விருப்பம். சொன்ன நேரத்துக்கு முதலே கூடம் நிறைந்துவிட்டது. இலவசம் என்றால் நாங்கள் இத்தாலியன் நேரத்தைக் கைவிட்டுவிடுவோம்.

முதலாவதாக வந்தவர் புஷ்பராணி அக்கா. எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைச் சமையலுக்குப் பொறுப்பு அவர்தான். அவர் சொல்லாமல் அங்கே உப்புக்கூடக் கரையாது. அவருக்குப் பின்னால் தவம். வன்னிப் பக்கத்து ஆள், ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. பிறகு மற்றவர்கள்.

புதிய மெஷினில் ஒரு தொல்லையும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அந்த மலை, ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலை. ஞாயிறு காலைகளில் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடித் தட்டினூடாக மலை தெரிந்ததும் கண் தானாகத் தளர்ந்துவிடும். இரண்டுபேர் கையெடுத்துக் கும்பிட்டு, நாடி நழுவி, மூக்கை இடித்துக்கொண்டார்கள். அதைத் தவிர எல்லாம் சுகம்.

பழைய மெஷினில்தான் வினை. புதியது மைனஸ் அரை என்று சொன்ன கண்ணைப் பழையது மைனஸ் ஒன்றேமுக்கால் என்றது. ஒன்றுமில்லாத கண்ணுக்கு மைனஸ் ஒன்று போட்டது. வில்லைகளால் பார்த்தால் புதியது சொன்னதுதான் சரி. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இதே கதை.

போதாக்குறைக்குப் பேரம் வேறு தொடங்கிவிட்டது. "சிவா அண்ணை, அந்தப் புது மெஷின் குறைச்சுச் சொல்லுதாம். என்ரை கணக்கை அதிலை போடுங்கோ" என்று ஒருவர் காதுக்குள் சொன்னார். இன்னொருவர், "ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டைப் போட்டு முடியுங்கோவன்" என்றார். பல்லரோவில் கத்தரிக்காய் வாங்கிப் பழகிய வாய்கள்.

கம்பனிக்காரன் சொன்னதற்கு முதலே வந்து, கைவண்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "நேற்று நன்றாக இருந்தது, இன்றைக்குச் செத்துவிட்டது. வயதான மெஷின் அப்படித்தான்" என்றான். தொத்தோரெஸ்ஸா தன்னுடைய கண்ணை அதில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. என்னை இருத்திப் பார்த்தார். அதுவும் சரி. கூடத்திலிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டு இருத்தினார். மைனஸ் ஒன்று கூடுதலாக வந்தது.

"உன் நாட்டுக் கண்ணுக்கும் இந்த மெஷினுக்கும் என்ன பகை?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? நானும் அதே நாட்டுக் கண்தான். அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தேன். கூடத்துக்குள் ஒரு மாநாடு நடந்துகொண்டிருந்தது.

"நான் வடிவாப் பாத்தனான். ரெண்டு யன்னல்" என்றார் புஷ்பராணி அக்கா.

"எனக்கு மூண்டு தெரிஞ்சுது, அக்கா" என்றான் தவம்.

"ரெண்டெண்டு சொல்லடா. எல்லாரும் ஒண்டாச் சொல்லோணும். மேல் யன்னலிலை ஆரோ ஒரு ஆள் நிக்கிறார், அதையும் மறக்காதை."

"ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"அது பிடிபடேல்லை. அடுத்ததாப் போறவை பாத்துக்கொண்டு வாங்கோ."

"கதவு என்ன நிறம் அக்கா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

"பச்சை மாதிரி. நிறம் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ. கேளாமல் சொல்லக்கூடாது. கேளாமல் சொன்னால்தான் சந்தேகப்படுவினம்."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். உங்களில் இங்கே பிறந்தவர்களுக்கு இது பகிடியாக இருக்கும். எங்களுக்கு அந்த அறை தெரியும். ஒரு மேசை, ஒரு மொழிபெயர்ப்பாளர், பேனையைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவர். அகதி விண்ணப்பத்தை விசாரிக்கும் கொமிசியோனே. உங்கள் வீட்டுக்கு முன்னால் என்ன மரம் நின்றது? கிணறு எந்தப் பக்கம்? நீங்கள் ஒன்று சொல்லி உங்கள் மனைவி வேறொன்று சொன்னால் கதை முடிந்தது. தவத்துக்கு முதல் தடவை மறுத்தது மாட்டுக்கொட்டிலால். கொட்டில் வீட்டுக்கு இடப்பக்கம் என்று இவன் சொல்ல, வலப்பக்கம் என்று இவனுடைய அண்ணன் சொல்லியிருக்கிறான். உண்மையில் அவர்கள் கடைசியாகப் பார்த்த நேரத்தில் கொட்டில் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

ஆகவே ஒரு வெள்ளை அறையில் இருத்தி, தலையைப் பிடித்து, ஒரு வீட்டைக் காட்டினால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? பிறகு கேட்பார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

நான் உள்ளே போய் இதைச் சொன்னேன். தொத்தோரெஸ்ஸா முதலில் சிரித்தார். மாட்டுக்கொட்டில் கதையையும் சொன்னதும் சிரிப்பு நின்றது. கையைப் பொத்திப் பிடித்துக் காட்டினார். ஒரு சின்னப் பொருளை உற்றுப் பார்த்தால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இப்படி இறுகிவிடுமாம். இறுகின கண்ணை அளந்தால் மைனஸ் கூடித்தான் காட்டுமாம். படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், யன்னல் எண்ணக்கூடாது.

"மெஷினில் பிழையில்லை. உன் ஆட்கள் அளவுக்கு மீறிய நல்ல சாட்சிகள்" என்றார்.

கண்ணைத் தளரவைக்கும் சொட்டு மருந்து இருக்கிறது. விட்டால் பொழுதுபடும்வரைக்கும் கிட்டத்தில் எதுவும் தெரியாது. மத்தியானத்துக்குப் பிறகு எல்லோருக்கும் வேலை. தவத்துக்கு மீன் வெட்ட விரலும் கத்தியும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். மருந்து வேண்டாம் என்று முடிவானது. கம்பனிக்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

நான் கூடத்துக்குப் போய்க் கையைத் தட்டினேன். "எல்லாரும் கேளுங்கோ. வீட்டைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். பயப்பிடாமல் இருங்கோ."

தவம் மெதுவாகச் சொன்னான்: "அங்கையும் தொடக்கத்திலை இப்பிடித்தான் அண்ணை சொன்னவை. பயப்பிடாதேங்கோ, சும்மா கதைப்பம் எண்டு."

அதற்குப் பிறகு உள்ளே வந்தவருக்கு மைனஸ் இரண்டு. அதுவரை வந்ததில் அதுதான் ஆகக்கூட.

இளையவர்களே, இதை ஞாபகம் வைத்திருங்கள். பயப்படாதே என்று சொன்னால் பயம் போகாது. பயப்பட ஏதோ இருக்கிறது என்று அரைகுறையாக நினைத்திருந்தவனும் நிச்சயப்படுத்திக்கொள்வான். அவனுடைய பயம் என்ன கேட்கிறதோ அதைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஆட்களுடைய பயம் விடை கேட்டது. சரி, விடையைக் கொடுத்துவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது.

பெரிய தாளொன்று எடுத்து, மார்க்கர் பேனையால் வீட்டைக் கீறினேன். மேலே "சரியான விடை" என்று கொட்டை எழுத்தில் போட்டேன். கீழே எழுதினேன்: கூரை சிவப்பு. யன்னல் இரண்டு. கதவு பச்சை. ஆட்கள் இல்லை. மாட்டுக்கொட்டில் இல்லை. அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன்.

தவம் கிட்டப் போய்ப் பார்த்தான். "அண்ணை, இது வீடோ கோழிக்கூடோ?"

"வீடு. கேட்டால் வீடெண்டு சொல்லு."

"கேப்பினமோ?"

"கேட்டால் இதுதான் விடை. நானே தாறன். பிறகென்ன?"

தவம் உதட்டைப் பிதுக்கினான். ஆனால் முகத்திலிருந்து ஏதோ இறங்கிவிட்டது. எல்லோரும் சுவருக்கு முன்னால் நின்று பாடமாக்கினார்கள். கூரை சிவப்பு, யன்னல் இரண்டு, கதவு பச்சை. தேவாரம்போல ஒரு இராகம்கூட வந்துவிட்டது. விடை கையில் வந்த பிறகு வீட்டைப் பார்க்க ஒருவருக்கும் ஆவலில்லை. தவம் நாடியை வைத்து, உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"இதுதான்! இப்படித்தான்!" என்று தொத்தோரெஸ்ஸா கத்தினார். தவம் திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்டான்.

அளவு வந்தது. புதியதோடு ஒத்துப்போனது. அடுத்தவருக்கும் ஒத்துப்போனது. அதற்கடுத்தவருக்கும். கம்பனிக்காரன் கைவண்டியிலிருந்து முழங்கையை எடுத்தான்.

கடைசியாகத் திரும்ப வந்தவர் புஷ்பராணி அக்கா.

"ஆட்கள் இல்லை எண்டு எழுதி வைச்சிருக்கிறாய். நான் என்ரை கண்ணாலை கண்டனான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் விடை வாங்க வந்தவரில்லை, விடையைத் திருத்த வந்தவர். நாடியை வைத்துக்கொண்டு, களவு பிடிக்க வந்த பொலிஸ்போல அந்த யன்னலையே உற்றுப் பார்த்தார். மைனஸ் இரண்டரை. வில்லைகளால் பார்த்தபோது அவருக்கு ஒன்றுதான்.

திரும்பவும் பார்த்தோம். "இப்ப உள்ளுக்குப் போட்டார். திரைச்சீலை ஆடுது" என்றார். மைனஸ் இரண்டேமுக்கால்.

நான் தொத்தோரெஸ்ஸாவைத் தனியே கூப்பிட்டு, அக்காவை விட்டுவிட்டு மற்றவர்களை வைத்து முடிப்போமா என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒத்துவராத ஆளையெல்லாம் கழித்துவிட்டால் எந்த மெஷினும் நல்ல மெஷின்தான், சிவா. அந்த மனுஷி உற்றுப் பார்ப்பதால்தான் இப்படி என்று நான் நினைக்கிறேன். நினைப்பு போதாது. உற்றுப் பார்க்காமல் ஒரு அளவு எடுத்துக் காட்டு. இல்லையென்றால் அவன் கொண்டுபோகட்டும்."

கம்பனிக்காரன் மின்வயரைக் கழற்றிச் சுற்றுவதற்குக் கையை நீட்டினான். நான் மெஷினுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். எனக்குப் பல்லரோ அறையும், நேரமாகிவிட்டதென்று திரும்பிப் போகும் ஆட்களின் முதுகுகளும் கண்ணுக்குள் வந்தன. அக்காவைத் தளரவைக்க ஒரு வழியும் இல்லை. ஆறுதல் சொன்னால் சந்தேகப்படுவார். விடை சொன்னால் பிழை பிடிப்பார். இந்த மனுஷி எதையும் உற்றுப் பார்க்காமல் இருக்கிற நேரம் ஒன்றாவது உண்டா என்று யோசித்தேன்.

உண்டு. கோபம் வந்தால் அக்கா யாரையும் பார்க்கமாட்டார். எதிரே நிற்கிறவரை ஊடுருவி, அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் ஊடுருவி, வெறும் ஆகாயத்தைப் பார்ப்பார். கோயிலில் எல்லோரும் அனுபவித்த பார்வை அது.

"அக்கா, இன்னுமொருக்கால் நாடியை வையுங்கோ. அசையக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. திறந்தால் முழுக்கத் திரும்பத் தொடங்கோணும்."

வைத்தார். நான் பின்னால் நின்று தலையை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். தொத்தோரெஸ்ஸாவுக்குக் கண்சாடை காட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னேன்:

"அக்கா, கனநாளாச் சொல்லோணும் எண்டு இருந்தனான். நேற்றும் கோயில்லை நீங்கள் சுட்ட வடை சரியான கல்லு. தவத்துக்குப் பல்லு ஆடுதாம். சனம் உங்களுக்குப் பயத்திலை பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு போய்த் துறைமுகத்து மீனுக்குப் போடுதுகள். மீனும் தின்னேல்லையாம்."

என் கைகளுக்குள் அவருடைய தலை இறுகியது. வாயைத் திறக்கமுடியாது. கதவுக்குப் பின்னாலிருந்து, "ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா" என்று தவத்தின் குரல் கேட்டது. திரையில் அக்காவின் கண் பெரிதாகத் தெரிந்தது. அதுவரைக்கும் மிளகுபோலச் சுருங்கியிருந்த கறுப்பு மணி மெல்ல விரிந்தது. கண் வீட்டைத் தாண்டி, மெஷினைத் தாண்டி, கால்சாவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

தொத்தோரெஸ்ஸா பொத்தானை மூன்றுதரம் அமத்தினார். மூன்று தரமும் மைனஸ் ஒன்று.

அவர் கம்பனிக்காரனைப் பார்த்து, "வண்டியை வெறுமையாகக் கொண்டுபோகலாம்" என்றார். வாசலால் போகும்போது அவன் என்னிடம், வடையென்றால் என்ன என்று கேட்டான். அதற்கு அப்போது எனக்கு நேரம் இருக்கவில்லை. அக்கா நாடியை எடுத்துவிட்டார்.

"மெஷினுக்காகத்தான் சொன்னனான், அக்கா. உங்களுக்குக் கோவம் வந்தாத்தான் கண் தளரும்."

"அப்ப வடை நல்லதோ?"

இந்த இடத்தில் நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு பிந்திவிட்டேன். அந்த ஒரு மூச்சில் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீங்கள் எந்த மெஷினைப் பழகினாலும் இதையும் பழகிக்கொள்ளுங்கள். சில கேள்விகளுக்கு யோசிக்கக்கூடாது.

மெஷின், சந்தைக்குக் கூனைப்பூக் காய்கறி ஏற்றும் ஒரு மூன்று சக்கர வண்டியில் சாக்குச் சுற்றிப் பல்லரோவுக்குப் போனது. குலுங்கினால் கெட்டுவிடும் என்று தவமும் நானும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தோம். சந்தைக்காரர்கள் யாருடைய சவ ஊர்வலம் என்று கேட்டார்கள். முதல் ஞாயிறு வரிசை மீன்கடைவரைக்கும் போனது. அன்றைக்கு ஒருவர்கூடப் பார்க்காமல் திரும்பவில்லை. எங்கள் ஆட்கள், கானா நாட்டுக்காரர்கள், மீன்கடைக்காரனுடைய மாமி என்று எல்லோரும் ஒரே ரோட்டைப் பார்த்தார்கள்.

கண்ணாடிகள் வந்து சேர்ந்த ஞாயிறு, புஷ்பராணி அக்காவும் வந்தார். அதுவரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். சிலுவையைப் பார்த்தார், சுவரில் உரிந்த சுண்ணாம்பைப் பார்த்தார், கடைசியில் என்னை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் உன்னை ஒரு வடிவான பொடியன் எண்டெல்லோ நினைச்சிருந்தன்" என்றார்.

பிறகு வரிசைப் பக்கம் திரும்பினார். முன்னால் ஒரு இளம் பெண் நின்றாள். எங்கள் நாட்டுக் கிழக்கிலிருந்து அப்போதுதான் வந்தவள். கையிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுடைய பையை வாங்கி, பக்கத்துக் கதிரையில் இருந்து தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இரு பிள்ளை. உள்ளுக்கை ஒரு வீடு தெரியும். சும்மா பார். ஒண்டும் எண்ணாதை. இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

நான் சொன்னபோது யாரும் நம்பாத அதே வார்த்தைகள்தான். அந்தப் பெண் நம்பினாள். நாடியை வைத்தாள். நான் பொத்தானை அமத்தினேன்.